நாளைக்கு 5,500 ரூபாய் வியாபாரமா? ஸ்ரீரங்கம் டிபன் கடையும் ஜிஎஸ்டிக்குள் வரும் கணக்கு

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் பல கடைகளில் விடிகாலை மூன்று மணிக்கே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். பகல்பத்து, இராப்பத்து என்று நாள் போகப் போக உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் கூட்டம் கூடும். பரமபத வாசல் திறக்கும் நாளில் இட்லி ஊற்றுகிறவருக்குத் தலையை நிமிர்த்தக்கூட நேரம் இருக்காது. ஆண்டு முழுவதும் ஓடும் வியாபாரத்தில் நல்ல பங்கு இந்த சில வாரங்களில் வந்துவிடும். இப்போது அந்தப் பணத்தில் பெரும்பகுதி கல்லாப்பெட்டிக்குள் விழுவதில்லை. க்யூஆர் கோடு வழியாக நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது.

அதனால்தான் இந்த ஆண்டு பல கடைகளில் ஒரே கேள்வி சுற்றுகிறது. "ஜிபே-ல வாங்கினா ஜிஎஸ்டி நோட்டீஸ் வருமாமே?"

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ பரிவர்த்தனைத் தகவல்களை அடிப்படையாக வைத்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் சின்னக் காய்கறிக் கடை நடத்துபவருக்கு ரூ.29 லட்சம் கட்டச் சொல்லி நோட்டீஸ் போனது. நான்கு ஆண்டுகளில் அவர் கணக்குக்கு வந்த ரூ.1.63 கோடியை வைத்துப் போட்ட கணக்கு அது. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்பதை அந்தக் கணக்கு பார்க்கவில்லை. பெங்களூருவில் கடை கடையாக 'நோ யுபிஐ, ஒன்லி கேஷ்' அட்டை தொங்கியது. கடையடைப்பு அறிவிப்பு வரை போன பிறகு, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், ஆனால் வரம்பைத் தாண்டியவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று முதல்வர் சித்தராமையா அறிவித்தார்.

திருச்சியில் அப்படி மொத்தமாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் சட்டம் இரண்டு மாநிலத்திலும் ஒன்றுதான். யுபிஐயை நிறுத்திவிட்டால் தப்பித்துவிடலாம் என்ற நினைப்பு எவ்வளவு சரி? சின்னக் கடைக்கு உண்மையில் எத்தனை வரி, எத்தனை கட்டணம்? 2025 டிசம்பர் நிலவரப்படி பார்ப்போம்.

20 லட்சமா, 40 லட்சமா?

ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-ல் வந்தது. பொருள் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் ரூ.40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். சேவை தருபவர்களுக்கு வரம்பு ரூ.20 லட்சம்தான். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இட்லி, தோசை பொருள்தானே என்று தோன்றும். ஜிஎஸ்டி சட்டத்தில் ஓட்டலில் சாப்பாடு பரிமாறுவது சேவை. எனவே டிபன் கடை, மெஸ், டீக்கடை எல்லாவற்றுக்கும் 20 லட்சம்தான் கோடு.

20 லட்சம் என்றால் பெரிய தொகையாகத் தெரிகிறது. 365 நாளால் வகுத்துப் பார்த்தால் நாளைக்கு ரூ.5,480. வாரம் ஒரு நாள் லீவு விடும் கடைக்கு சுமார் ரூ.6,400. ராஜகோபுரம் பக்கம், சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் காலை டிபன் கடை நடத்துபவர்களுக்கு இது எட்டாத உயரம் அல்ல. பொருள் விற்கும் கடைக்கான 40 லட்சம் வரம்பு நாளைக்கு ரூ.10,960 வருகிறது. என்.எஸ்.பி. ரோட்டில் சின்னத் துணிக்கடைக்குக்கூட தீபாவளி மாதம் இதைப் பல மடங்கு தாண்டும்.

கவனிக்க வேண்டியது, இது விற்ற தொகை. லாபம் அல்ல. "எனக்கு மிஞ்சறதே மாசம் முப்பதாயிரம், நான் எதுக்கு ஜிஎஸ்டி?" என்ற கேள்வி நியாயமாகத் தெரிந்தாலும் சட்டம் லாபத்தைக் கேட்பதில்லை.

இன்னொன்று, நிதியாண்டுக் கணக்கு. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. 2025-ல் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி இரண்டு முறை வருகிறது, ஜனவரி 10 ஒன்று, டிசம்பர் 30 ஒன்று. காலண்டரில் ஒரே ஆண்டு. வரிக் கணக்கில் முதலாவது 2024-25, அடுத்தது 2025-26. சீசன் கூட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு மாத வியாபாரம் எகிறினாலும் 12 மாதக் கூட்டுத்தொகைதான் பேசும்.

அந்தக் கூட்டுத்தொகை பான் எண் வாரியாகப் போடப்படுகிறது. ஒரே ஆள் பெரிய கடைவீதியில் ஒன்று, ஸ்ரீரங்கத்தில் ஒன்று என்று இரண்டு கடை வைத்திருந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கு. மனைவி பெயரில் இரண்டாவது கடை என்றால்? அவர் உண்மையிலேயே தனியாக, தனி முதல் போட்டு, தனிக் கணக்கில் நடத்தினால் அது தனி வியாபாரம். ஒரே அடுப்பு, ஒரே கல்லா, க்யூஆர் மட்டும் இரண்டு என்றால் அதிகாரி கேள்வி கேட்கும்போது பதில் சொல்வது கஷ்டம்.

பூ விற்பவருக்கு என்ன கணக்கு?

சாத்தார வீதிப் பூச்சந்தையில் மல்லியும் துளசியும் விற்பவர் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பூவுக்கு வரி இல்லை. வரி விலக்குள்ள பொருள் மட்டுமே விற்பவர்களுக்குப் பதிவிலிருந்தே விலக்கு. காந்தி மார்க்கெட்டில் காய்கறி, வாழைத்தார் மட்டும் விற்பவருக்கும் இதே நிலைதான்.

அதே பூக்கடையில் ஒரு ஓரத்தில் ஊதுபத்தி டப்பாக்களை அடுக்கினால் நிலைமை மாறுகிறது. ஊதுபத்திக்கு 5 சதவீத வரி உண்டு. வரி உள்ள பொருள் ஒன்று வந்துவிட்டாலே, வரம்பைத் தாண்டியாயிற்றா என்று பார்க்கப் பூ விற்ற பணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். குங்குமம், விளக்குத் திரி, துளசி மாலை எல்லாம் வரி விலக்கு பட்டியலில் இருப்பவை. பூஜைப் பொருள் கடைக்காரர்கள் இந்தக் கலவையில்தான் அடிக்கடி குழம்புகிறார்கள். மொத்த விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு வேண்டும். ஆனால் வரி, வரி உள்ள பொருளுக்கு மட்டும்தான்.

எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்ற குழப்பத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு முகமே உண்டு. 2024 செப்டம்பரில் கோவையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனிடம் அன்னபூர்ணா சீனிவாசன், பன்னுக்கு வரி இல்லை, க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்று சொன்ன வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் எடுக்கப்பட்டு 5, 18 என்று சுருங்கியபோது கேக், பிஸ்கெட் போன்றவை 18-லிருந்து 5-க்கு இறங்கின. பாக்கெட்டில் அடைத்த மிக்சர், முறுக்கு வகைகளும் 12-லிருந்து 5-க்கு வந்தன. மணப்பாறை முறுக்கு எடுத்து விற்கும் கடைகளுக்கு இது நேரடி லாபம், பில்லில் பழைய வீதத்தை மாற்றியிருந்தால். ஓட்டல் சாப்பாட்டு வரியில் மாற்றம் இல்லை. அது அதே 5 சதவீதம்.

வரம்பைத் தாண்டியும் பதிவு செய்யாவிட்டால்?

கணக்குப் போட்டால்தான் இதன் கனம் தெரியும். உத்திர வீதியில் ஒரு டிபன் கடை என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு ரூ.8,000 வியாபாரம், மாதம் 26 நாள். ஆண்டுக்கு ரூ.24.96 லட்சம். முதல் ஆண்டில் 20 லட்சம் வரை பிரச்சினை இல்லை. அதைத் தாண்டிய 4.96 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது ரூ.24,800 வரி. அடுத்த ஆண்டு முதல் ரூபாயிலிருந்தே வரி, ரூ.1,24,800. இரண்டு ஆண்டு கழித்து நோட்டீஸ் வந்தால் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் வரி. அதன் மேல் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பதிவு செய்யாததற்கு அபராதம் ரூ.10,000 அல்லது வரித்தொகை, இதில் எது அதிகமோ அது.

இந்த வரியை சாப்பிட்டவரிடம் வசூலித்திருக்க வேண்டும். அவர் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். இனி அது கடைக்காரரின் கையிலிருந்துதான். ஆயிரக்கணக்கான சின்னக் கடைகளுக்கு உண்மையான ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது. 5 சதவீதம் பெரிய சுமை அல்ல. பின்தேதியிட்டு வரும் 5 சதவீதம் கடையை மூட வைக்கும்.

வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பான், ஆதார், வங்கிக் கணக்கு விவரம், கடை இருக்கும் இடத்துக்கான ஆதாரம் இருந்தால் போதும். ஆபத்து குறைந்த விண்ணப்பங்களுக்கும், பிற வியாபாரிகளுக்கு விற்கும் வகையில் மாத வரி ரூ.2.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கும் மூன்று வேலை நாளில் பதிவு தரும் எளிய முறை 2025 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இட ஆதாரம் என்ற இடத்தில் ஸ்ரீரங்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அடிமனை உரிமைப் பிரச்சினை நீண்ட காலமாக இழுத்துக்கொண்டிருப்பதால் பத்திரத்தைக் காட்டுவது பலருக்குத் தலைவலி. ஆனால் ஜிஎஸ்டி பதிவுக்கு மின் கட்டண ரசீது அல்லது சொத்து வரி ரசீதுடன், வாடகைக் கடையானால் ஒப்பந்தமோ உரிமையாளரின் சம்மதக் கடிதமோ கொடுத்தால் போதும். கடையின் பதிவு வேறு, மனையின் உரிமை வேறு.

காம்போசிஷன் எல்லோருக்கும் நல்லதா?

"காம்போசிஷன்ல போட்டுடுங்க, தொல்லையே இல்ல" என்பது வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை. விற்றுமுதல் ரூ.1.5 கோடி வரை உள்ளவர்கள் இந்தத் தொகுப்பு முறையில் சேரலாம். பொருள் வாங்கி விற்பவருக்கு 1 சதவீதம், ஓட்டலுக்கு 5 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஎம்பி-08 படிவத்தில் வரி, காலாண்டு முடிந்த மாதம் அடுத்த 18-ம் தேதிக்குள். ஆண்டுக்கு ஒரு ரிட்டர்ன். அதற்கு ஜூன் 30 வரை நேரம்.

மளிகை, பாத்திரம், துணி விற்பவருக்கு இது பெரும்பாலும் லாபம்தான். 45 லட்சத்துக்கு வரி உள்ள பொருள் விற்றால் ஆண்டுக்கு ரூ.45,000, அத்தோடு முடிந்தது. வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது, வாங்கும் வியாபாரிக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது என்ற இரண்டு குறைகள் தெருமுனைக் கடைக்குப் பொருட்டல்ல.

ஓட்டலுக்குக் கணக்கு வேறு. காம்போசிஷனிலும் 5, சாதாரண முறையிலும் 5. வித்தியாசம், காம்போசிஷனில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பில்லிலேயே அதை எழுத வேண்டும். மேலே சொன்ன டிபன் கடைக்கு ஆண்டு வரி ரூ.1,24,800 முழுவதும் சொந்தக் கையிலிருந்து போகும். நூற்றுக்கு 15 ரூபாய் லாபம் நிற்கிறது என்றால் ஆண்டு லாபம் ரூ.3.74 லட்சம். அதில் மூன்றில் ஒரு பங்கு வரிக்கே போய்விடும்.

சாதாரண முறையில் 60 ரூபாய் தோசைக்கு 63 ரூபாய் வாங்கலாம். ஆனால் பக்கத்துக் கடை பதிவு இல்லாமல் 60-க்கே விற்கும்போது வாடிக்கையாளர் எந்தப் பக்கம் போவார் என்பது தெரிந்ததுதான். பலர் விலைப்பட்டியலை மாற்றாமல் 60-க்குள்ளேயே வரியை அடக்கிவிடுகிறார்கள். அப்போது வரி ரூ.2.86. இரண்டு முறையிலும் ஓட்டலுக்கு உள்ளீட்டு வரி வரவு இல்லை. வணிக சிலிண்டருக்குக் கட்டும் 18 சதவீதம் திரும்ப வராது.

சாதாரண முறையில் ரிட்டர்ன் வேலை கூடுதல். 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ரிட்டர்ன் மூன்று மாதத்துக்கு ஒன்று, வரி மட்டும் மாதாமாதம். வாடகையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவு இல்லாதவரின் வணிகக் கட்டடத்தை, பதிவு பெற்ற வியாபாரி வாடகைக்கு எடுத்தால் வாடகை மீதான 18 சதவீத வரியை வாடகைதாரரே கட்ட வேண்டும். ரூ.15,000 வாடகை என்றால் மாதம் ரூ.2,700. ஓட்டலுக்கு அதையும் வரவு வைக்க முடியாது, செலவுதான். காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து இந்தச் சுமை நீக்கப்பட்டுவிட்டது. எனவே ஓட்டல்காரர் முடிவெடுக்கும்போது பார்க்க வேண்டியது மூன்று: வாடிக்கையாளர் விலையில் 3 ரூபாய் கூடுதலைத் தாங்குவாரா, வாடகை எவ்வளவு, ரிட்டர்ன் வேலைக்கு ஆடிட்டருக்குக் கொடுக்கும் சம்பளம் எவ்வளவு. பெரும்பாலும் முதல் கேள்விக்கான பதிலே முடிவைத் தீர்மானித்துவிடும்.

விற்பனையே இல்லாத மாதத்திலும் ரிட்டர்ன் போட வேண்டும். பதிவு எடுத்துவிட்டு கடையை மூடியவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு நாளொன்றுக்கு ரூ.50 தாமதக் கட்டணம், விற்பனை இல்லாவிட்டால் ரூ.20. கடையை மூடினால் பதிவையும் ரத்து செய்ய விண்ணப்பிக்க வேண்டும்.

யுபிஐயை நிறுத்தினால்?

வரி விற்றதற்குத்தான். பணம் எந்த வழியில் வந்தது என்பது வரியை மாற்றாது. ரொக்கமாக வாங்கினாலும் 20 லட்சம் 20 லட்சம்தான். தடம் இருக்காது என்று நினைக்கலாம். மாவு, எண்ணெய், சிலிண்டர் வாங்கிய பில் இருக்கும், வங்கியில் கட்டிய ரொக்கம் இருக்கும்.

வருமான வரியில் நிலைமை தலைகீழ், யுபிஐ வாங்குபவருக்குச் சலுகை. 44ஏடி என்ற உத்தேச வருமான முறையில், கணக்குப் புத்தகம் எழுதாமலே, ரொக்க விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழி வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டி ரிட்டர்ன் போடலாம். உண்மை லாபம் அதைவிட அதிகமென்றால் அதிகமாகக் காட்டலாம். விற்றுமுதல் 2 கோடி வரை இது செல்லும். ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை. அதே டிபன் கடைக்கு முழுதும் ரொக்கம் என்றால் உத்தேச லாபம் ரூ.1,99,680. முழுதும் யுபிஐ என்றால் ரூ.1,49,760. 2025-26 முதல் புதிய முறையில் ரூ.12 லட்சம் வருமானம் வரை தனிநபருக்கு வரி வருவதில்லை. ஆக, பெரும்பாலான சின்னக் கடைக்காரர்களுக்கு வருமான வரி பூஜ்யம். கட்ட வேண்டியது வந்தால் மார்ச் 15-க்குள் ஒரே தவணையாக முன்வரி செலுத்தினால் போதும். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 அமலுக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறும். உத்தேச வருமான முறை தொடர்கிறது.

வரி பூஜ்யம்தானே என்று ரிட்டர்னே போடாமல் விடுவது, அல்லது 'குறைச்சலா காட்டுங்க' என்று சொல்வது, இரண்டுமே வங்கியில் கடன் கேட்கும் நாளில்தான் உறைக்கும். முத்ரா கடன் வரம்பு 2024-ல் ரூ.20 லட்சமாக உயர்த்தப்பட்டது. கடனைத் திருப்பும் தெம்பு இருக்கிறதா என்று வங்கி பார்ப்பது ரிட்டர்னில்தான். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வருமானம் என்று மூன்று வருஷம் எழுதிக் கொடுத்தவருக்கு ஐந்து லட்சம் கடன் யார் தருவார்? கடைசியில் தண்டல்காரரிடம் போக வேண்டியதாகிறது. தண்டல் வட்டியோடு ஒப்பிட்டால் எந்த வரியும் மலிவுதான்.

கர்நாடகத்தில் நோட்டீஸ் வந்தவர்களில் பலர் சொன்ன விளக்கம் கவனிக்க வேண்டியது. கணக்குக்கு வந்த பணம் எல்லாம் வியாபாரப் பணம் அல்ல. அண்ணன் அனுப்பியது, சீட்டு எடுத்தது, கைமாற்று வாங்கியது, பக்கத்துக் கடைக்குச் சில்லறைக்குப் பதிலாக ஸ்கேன் பண்ணிக் கொடுத்தது எல்லாம் ஒரே கணக்கில். துறையின் கணினிக்கு இது எதுவும் தெரியாது, மொத்த வரவு மட்டும் தெரியும். வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி க்யூஆர் வைத்திருந்தால் பாதி விளக்கம் தானாகவே கிடைத்துவிடும். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டில் அன்றன்றைய ரொக்க விற்பனை. அது போதும், ஆப் எதுவும் வேண்டாம்.

நோட்டீஸ் வந்தே விட்டால், அது உண்மையானதுதானா என்று அதிலுள்ள எண்ணை வைத்து இணையத்தில் சரிபார்க்க வேண்டும். போலிகளும் சுற்றுகின்றன. பிறகு குறிப்பிட்ட தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் என்பது கேள்வி, தீர்ப்பு அல்ல. பதில் கொடுக்காவிட்டால்தான் அது உத்தரவாக மாறும். உத்தரவை எதிர்த்து மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு, தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

யுபிஐ வாங்குவதற்குக் கட்டணம் உண்டா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் கட்டணம் இல்லை. 'பணம் வந்தது' என்று சத்தம் போடும் பெட்டிக்கு மாத வாடகை உண்டு, அது தனி. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துப் பெரிய தொகை கட்டுபவரிடமிருந்து வரும் பணத்தில் கழிவு இருக்கலாம். மாதம் ஒருமுறை வங்கி ஸ்டேட்மென்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஸ்விக்கி, சொமேட்டோவில் விற்பவர்களுக்கு ஒரு தகவல். 2022 ஜனவரி 1 முதல் அவற்றின் வழியாகப் போகும் சாப்பாட்டுக்கான 5 சதவீதத்தை அந்த நிறுவனங்களே அரசுக்குக் கட்டுகின்றன. கடைக்காரர் மறுபடி கட்ட வேண்டாம். ஆனால் அந்த விற்பனையும் கடையின் மொத்த விற்றுமுதலில் சேரும். அவர்கள் பிடிக்கும் கமிஷன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி தனி.

மாநகராட்சிக்கு என்னென்ன?

ஸ்ரீரங்கம் 1994 வரை தனி நகராட்சி. இப்போது திருச்சி மாநகராட்சியின் ஐந்து மண்டலங்களில் ஒன்று. கடை நடத்த மாநகராட்சியின் தொழில் உரிமம் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது கட்டடத்தின் சொத்து வரி ரசீது கேட்பார்கள். உரிமையாளர் பாக்கி வைத்திருந்தால் அவதி வாடகைதாரருக்கு. வாடகை பேசும்போதே கேட்டுவிடுவது நல்லது.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. 2022-ல் மாநிலம் முழுவதும் 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது பலருக்கு இன்னும் ஆறாத கோபம். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் ரூ.5,000. வீட்டின் முன்பகுதியைக் கடையாக மாற்றியிருந்தால் அந்தப் பகுதி வணிகப் பயன்பாடாகக் கணக்கிடப்படும்.

தொழில் வரியும் அரையாண்டுக்குத்தான். அரையாண்டு வருமானம் ரூ.21,000 வரை இருந்தால் கிடையாது. அதிகபட்சம் அரையாண்டுக்கு ரூ.1,250. ஆண்டுக்கு ரூ.2,500-க்கு மேல் தொழில் வரி போடக் கூடாது என்று அரசியல் சட்டமே கோடு போட்டிருக்கிறது. சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தால் அவர்களுடையதைப் பிடித்துக் கட்டுவது கடைக்காரர் பொறுப்பு. 10 பேர் வேலை செய்தால் இஎஸ்ஐ, 20 பேர் என்றால் பிஎஃப்.

உணவுக் கடைக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு இல்லாமல் முடியாது. இங்கே வரம்பு வேறு, ரூ.12 லட்சம். அதற்குள் இருந்தால் ஆண்டுக்கு ரூ.100 கட்டிப் பதிவு. மேலே போனால் உரிமம், ஓட்டலுக்கு ஆண்டுக்கு ரூ.2,000. நாளைக்கு ரூ.3,290 வியாபாரம் என்றாலே 12 லட்சம் வந்துவிடுகிறது. 100 ரூபாய்ப் பதிவை வைத்துக்கொண்டே ஜிஎஸ்டியில் 25 லட்சம் காட்டுகிற கடைகள் உண்டு. இரண்டு துறையும் ஒருநாள் தாளை ஒப்பிட்டுப் பார்க்கும் என்று யாரும் நினைப்பதில்லை. எடை போட்டு விற்பவர்கள் தராசுக்கு முத்திரை போட்டிருக்கிறதா என்பதைத் தொழிலாளர் துறை வந்து பார்க்கும்.

உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. இணையத்தில் தேடினால் அரசு தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்கும். ஜிஎஸ்டி பதிவுக்கும் இப்படித்தான். ஆடிட்டர் தன் வேலைக்குச் சம்பளம் வாங்குவது வேறு, 'அரசுக் கட்டணம்' என்று சொல்லி வாங்குவது வேறு.

தள்ளுவண்டி, நடைபாதைக் கடைக்காரர்களுக்கு மாநகராட்சி தரும் சாலையோர வியாபாரி அடையாள அட்டை முக்கியம். அது இருந்தால்தான் பிஎம் ஸ்வநிதி கடன் எளிதாகக் கிடைக்கும். 2025 ஆகஸ்டில் அந்தத் திட்டம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டு, முதல் தவணை ரூ.10,000-லிருந்து ரூ.15,000 ஆனது. இரண்டாவது தவணை ரூ.25,000. அம்மா மண்டபம் சாலையில் தேங்காய், பழத்தட்டு விற்பவருக்கு இந்த 15,000 ஒரு சீசன் முதல்.

இந்த வைகுண்ட ஏகாதசி முடிந்து மார்ச் 31-க்கு மூன்று மாதம் இருக்கும். ஏப்ரலிலிருந்து வந்த யுபிஐ வரவையும் நோட்டில் உள்ள ரொக்கத்தையும் கூட்டிப் பார்த்து, 18 லட்சத்தைத் தொட்டிருந்தால் ஜனவரியிலேயே ஆடிட்டரைப் பார்த்துவிடலாம். ஏப்ரல் 1-லிருந்து காம்போசிஷனில் இருக்க விரும்பும் பழைய பதிவுதாரர்கள் மார்ச் 31-க்குள் சிஎம்பி-02 படிவத்தில் சொல்லிவிட வேண்டும். அதை விட்டால் அடுத்த வாய்ப்புக்கு இன்னும் ஓர் ஏகாதசி வரை காத்திருக்க வேண்டும்.